கொட்டகைக்குள் வானம் அமைத்தவர்

கேள்வி: என் மகள் கட்டிடக்கலை படிக்கிறாள். வேலூரிலும் எங்கள் ஊரிலும் நான் படம் பார்த்த பழைய திரையரங்குகள் சில, கல்யாண மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் மாறிவிட்டன. திரையரங்குகளை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டு ஒருவர் வாழ்ந்திருக்க முடியுமா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: பேசாப்படக் காலத்து அமெரிக்காவில் அப்படிச் சிலர் வாழ்ந்தார்கள், வசதியாகவே வாழ்ந்தார்கள். கல்கத்தாவிலும் (1935) பம்பாயிலும் (1938) திறக்கப்பட்ட மெட்ரோ அரங்குகளை வடிவமைத்த தாமஸ் லேம்ப் அவர்களில் ஒருவர். ஆயினும் உங்கள் மகள் முதலில் அறிய வேண்டியவர் ஜான் எபர்சன் என்பேன்.

இன்று உக்ரைனில் உள்ள செர்னிவ்ட்சி நகரில் 1875 இல் பிறந்த எபர்சன், வியன்னாவில் படித்தது மின்பொறியியல். 1901 இல் அமெரிக்காவுக்கு வந்து, செயிண்ட் லூயிஸ் நகரில் மின்பணி நிறுவனம் ஒன்றில் சேர்ந்த அவர், நாடக அரங்குகள் கட்டும் வேலைக்கு அங்கிருந்துதான் நகர்ந்தார். மின்சாரம் அறிந்தவர் என்பதை அவருடைய அரங்குகளே காட்டிக்கொடுக்கும். 1923 இல் ஹூஸ்டனில் அவர் கட்டிய மெஜஸ்டிக் அரங்கில், பொன்முலாம் பூசிய வேலைப்பாடுகள் நிறைந்த விதானத்துக்குப் பதிலாக வழவழப்பான நீல வளைகூரை ஒன்றை அமைத்து, அதில் சிறு விளக்குகளை நட்சத்திரங்களாக மின்னவிட்டு, இருபுறச் சுவர்களையும் இத்தாலியத் தோட்டம் ஒன்றைச் சூழ்ந்த மாளிகைகளைப் போல எழுப்பினார். இவ்வகை அரங்குகளில் மேகங்களைக் கூரையில் மெல்ல நகர்த்திக் காட்டவும் தனிக் கருவி இருந்தது. நம் டூரிங் கொட்டகையில் கீற்றின் இடுக்கில் வானம் தெரிந்தால் முதலாளியைத் திட்டினோம்; எபர்சன் அதே வானத்தைக் காட்டிப் பெயர் வாங்கினார்!

இதைக் கற்பனை வளம் என்று மட்டும் பாராட்டுவது பாதி உண்மைதான். வேலைப்பாடு மிக்க விதானத்தைவிட வெறும் நீலக் கூரைக்குச் செலவு குறைவு என்ற கணக்கும் அதில் இருந்தது, அரங்க முதலாளிகளை இழுத்ததில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு. சுவர் அலங்காரத்துக்கான சுதைவேலைக்குத் தமக்கென்றே ஒரு பட்டறையையும் அவர் வைத்திருந்தார். 1929 க்குப் பின் பொருளாதார மந்தம் வந்து ஆடம்பர அரங்குகளுக்குப் பணம் வறண்டபோது, தம் மகன் ட்ரூவுடன் சேர்ந்து அலங்காரம் குறைந்த, நேர்த்தியான கோடுகள் கொண்ட புதிய பாணிக்கு மாறினார். மேரிலாந்தில் உள்ள சில்வர் அரங்கு (1938) அக்காலத்தது. 1954 இல் காலமானார். ஹூஸ்டன் மெஜஸ்டிக் 1971 இல் இடிக்கப்பட்டது; அவர் 1926 இல் கட்டிய டாம்பா அரங்கில் இன்றும் படம் ஓடுகிறது.

இன்று வேலூரில் திரையரங்கை மட்டும் நம்பிக் கட்டிடக்கலை அலுவலகம் நடத்த இயலாது என்பதே என் கருத்து. உங்கள் மகள் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. எஞ்சியிருக்கும் ஒற்றைத்திரை அரங்கு ஒன்றை, உரிமையாளரின் அனுமதி பெற்று, பால்கனியின் சரிவு, புரொஜெக்டர் அறை, டிக்கெட் கவுண்டருக்கு முன்னுள்ள இரும்புக் கம்பி வரிசை வரை அளவெடுத்து வரைந்து, கல்லூரி ஆய்வேடாகச் சமர்ப்பிக்கலாம். லேம்பின் அரங்குகள் பல இடிந்துபோனாலும் அவருடைய வரைபடங்கள் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. நம் ஊர் அரங்குகளுக்கும் அப்படி வரைபடம் ஒன்று இருக்க வேண்டுமானால், இடிப்பதற்கு முன்பே யாராவது அளவெடுத்தாக வேண்டும்.