300 ஜிகாஹெர்ட்ஸ் உணரி: முகவர் காட்டும் எண்ணை நம்பலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 300 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் ஒரு மில்லிவாட் தரும் அலைமூலம் இருக்கிறது. அதற்கு உணரி வாங்க வேண்டும். திரவ ஹீலியத்தில் குளிர்வித்தால்தான் வேலைக்கு ஆகும் என்கிறார் ஒரு முகவர். அறை வெப்பநிலையிலேயே 0.01 பைக்கோவாட் இரைச்சல் அளவு (உணரி பிரித்தறியும் மிகக் குறைந்த திறன்; குறையக் குறைய நல்லது) கொண்ட நானோ டிரான்சிஸ்டர் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம்.

ஹீலியக்காரர் சொல்வது பாதி உண்மை. இந்த அலையின் ஃபோட்டான் ஆற்றல் சுமார் 1.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அறையின் வெப்ப ஆற்றலோ 26. ஃபோட்டானை விழுங்கி வேலை செய்யும் குறைக்கடத்தி அங்கே திணறும். டிரான்சிஸ்டர் அப்படி இயங்குவதில்லை. ‘கேட்’ என்ற முனையில் வந்து சேரும் அலையை ஒருதிசைப்படுத்தி, நேர்திசை மின்னழுத்தமாகத் தருகிறது. 1990களில் இயற்பியலாளர்கள் தியாகோனோவும் ஷூரும் கோட்பாடு வகுத்த வழி இது. உங்கள் மில்லிவாட்டுக்கு அறை வெப்பநிலையே தாராளம்.

மூலமே இல்லாமல், பொருள் தானாக உமிழும் கதிரைப் பிடிப்பதென்றால் நிலைமை வேறு. ஒரு டிகிரி வேறுபாடு, 100 ஜிகாஹெர்ட்ஸ் அலைவெண் அகலத்தில், ஓர் ஆன்டெனாவுக்குத் தருவது சுமார் 1.4 பைக்கோவாட். நல்ல டிரான்சிஸ்டர் உணரியின் இரைச்சலே, அரை நொடி அளவீட்டில், பத்து, இருபது பைக்கோவாட் இருக்கும். சராசரி எடுத்து அந்த இரைச்சலைக் குறைக்க, ஒரு புள்ளியை அளக்கவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே ஹீலியம் கேட்பதில் நியாயம் உண்டு. உங்களுக்கு அந்த வேலை இல்லை.

இரண்டாமவர்தான் ஆபத்தானவர். அலைநீளம் ஒரு மில்லிமீட்டர். கற்றையை அதைவிட வெகுவாகச் சுருக்க முடியாது. டிரான்சிஸ்டரோ சில மைக்ரோமீட்டர்; கற்றையைத் திரட்டி அதற்குக் கொடுப்பது அதோடு இணைந்த ஆன்டெனா. கூரை முழுதும் பெய்த மழை குழாய் வழியே குடத்தில் சேர, குடத்தின் வாயில் விழுந்த மழைதான் அத்தனையும் என்று கணக்கு எழுதுவதுபோல, ஆன்டெனா திரட்டிய திறனை மறைத்து டிரான்சிஸ்டரின் பரப்பை மட்டும் காட்டுகிறார்கள். எண் ஆயிரம், லட்சம் மடங்கு அழகாகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்த வித்தை நடக்கிறது. முகவரைச் சொல்லிக் குற்றமில்லை.

குற்றம் நம் கொள்முதல் முறையில் இருக்கிறது. காகிதத்தில் எண் பொருந்தினால் போதும், குறைந்த விலைக்காரருக்கே ஆணை. மார்ச் நெருங்கினால் அந்த எண்ணைக்கூட யாரும் படிப்பதில்லை.

ஆகவே டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்: இரைச்சல் அளவு, கற்றையைக் குவிக்கும் லென்சுக்கு முன் வரும் கற்றையின் முழுத் திறனை வைத்து, 300 ஜிகாஹெர்ட்ஸில், அறை வெப்பநிலையில் அளந்ததாக இருக்க வேண்டும். வேறு அலைவெண்ணுக்கு அமைத்த ஆன்டெனாவைத் தலையில் கட்டினால் உணரி செவிடாகிவிடும். உங்கள் மூலத்தோடு இணைத்து இயக்கிக் காட்டிய பிறகே பணம் என்பதையும் சேருங்கள்.