ரியாக்ட் படித்தால் எத்தனை வருடம் தாங்கும்?

உங்கள் கவலையை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மகள் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறார். விடுமுறை முழுக்க உட்கார்ந்து ரியாக்ட் கற்றுக்கொண்டார். அது இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஒரு லைப்ரரி, அதாவது மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு; பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. அடுத்து ஆறு மாத வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டவிருந்த நேரத்தில் உறவினர் ஒருவர், "அதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் யாரும் சீண்ட மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். கட்டுவதா, வேண்டாமா?

உறவினர் சொன்னதில் பொய் இல்லை. ரியாக்டும் ஒரு நாள் பழையதாகும். ஆனால் எப்படிப் பழையதாகும், அப்போது அதைக் கற்றவர் கையில் என்ன மிஞ்சும் என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும். இதற்கு ஊகம் தேவையில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து முடிந்த கதையே இருக்கிறது: ப்ரோட்டோடைப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் கதை. உங்கள் மகள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் 2007 வாக்கில் இணையத்துக்கு நிரல் எழுதியவர்களிடம் அது தெரியாது என்று சொல்லியிருந்தால் ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள்.

அதை 2005 பிப்ரவரியில் உருவாக்கியவர் சாம் ஸ்டீபன்சன். பக்கத்தை முழுவதும் மறுபடி ஏற்றாமல், வேண்டிய துண்டை மட்டும் சர்வரிலிருந்து வாங்கிக் காட்டும் உத்திக்கு ஏஜாக்ஸ் என்ற பெயர் வந்ததும் அதே மாதம்தான். கூகுள் மேப்ஸ் வெளிவந்ததும் அதே மாதம். வரைபடத்தைக் கையால் இழுத்தால் அது நகர்ந்ததைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தங்கள் தளத்திலும் அப்படி ஏதாவது வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை வந்தது சரி, அதை எழுதுவதுதான் பெரும்பாடு. சர்வரிடம் கேட்டு வாங்கும் வசதியை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 1999-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதை அழைக்கும் விதம் அங்கே ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் வேறு. மவுஸ் கிளிக்கைக் கவனிக்கும் விதமும் அப்படித்தான். ஒரே வேலைக்கு இரண்டு தடவை எழுத வேண்டும், இரண்டிலும் தனித்தனியாகப் பிழை தேட வேண்டும்.

ப்ரோட்டோடைப் இந்தச் சண்டையை உள்ளே இழுத்து மறைத்துக்கொண்டது. வெளியே ஒரே வழி. பக்கத்தில் உள்ள ஒரு பகுதியைப் பிடிக்க எழுத வேண்டிய நீளமான கட்டளையை ஒற்றை டாலர் குறியாகச் சுருக்கியது. இணையத் தளம் கட்டுவதற்கான ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க் அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ப்ரோட்டோடைப் அதனோடு சேர்ந்தே வந்ததால், ரெயில்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் கேட்காமலே இதையும் எடுத்தார்கள். அதே 2005-ல் தாமஸ் ஃபுக்ஸ் இதன் மேல் அசைவு, இழுத்துவிடுதல் போன்ற அலங்காரங்களுக்கென்று ஸ்கிரிப்டாகுலஸ் என்ற லைப்ரரியை வெளியிட்டார். வேறென்ன வேண்டும்?

இனிதான் உங்கள் மகளுக்கு வேண்டிய பகுதி. விழுந்த காரணம், எழுந்த காரணத்துக்குள்ளேயே இருந்தது.

ப்ரோட்டோடைப் தன் வசதிகளைத் தனக்கென்று ஒரு மூலையில் வைத்துக்கொள்ளவில்லை. மொழியின் சொந்தப் பொருள்களிலேயே ஏற்றியது. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியல், சரம் (எழுத்துத் தொடர்), செயல்கூறு என ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூல வார்ப்பு உண்டு. பட்டியலின் வார்ப்பில் ஒன்றைச் சேர்த்தால் அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பட்டியல்களுக்கும் அது வந்துவிடும். எழுதும்போது சுகம்தான். ஆனால் இது வாடகை வீட்டில் நம் இஷ்டத்துக்குச் சுவர் எழுப்புவது போன்றது. சொந்தக்காரர் பிறகு அதே இடத்தில் தன் சுவரைக் கட்ட வருவார்.

அப்படித்தான் வந்தார்கள். பக்கத்தில் ஒரே கிளாஸ் பெயர் இட்ட பகுதிகளையெல்லாம் திரட்டித் தர ப்ரோட்டோடைப் ஒரு கட்டளை வைத்திருந்தது. அது திருப்பித் தரும் பட்டியலில் ப்ரோட்டோடைப்பின் சொந்த வசதிகளும் ஒட்டியிருக்கும். பிறகு பிரவுசர்களே அதே பெயரில் அந்தக் கட்டளையைத் தரத் தொடங்கின. 2008-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 அவற்றில் ஒன்று. பெயர் ஒன்றுதான், திரும்பி வருவதோ வேறு வகைப் பட்டியல். ஒட்டியிருந்த வசதிகள் அதில் இல்லை. அதை நம்பி எழுதிய பக்கங்கள், யாரும் தொடாமலே, பிரவுசர் புதுப்பிக்கப்பட்டதும் உடைந்தன. இன்னொரு பக்கம் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7 இரண்டிலும் பக்கப் பகுதிகளின் மூல வார்ப்பை வெளியிலிருந்து தொடவே முடியாது. அங்கே ஒவ்வொரு பகுதியாகப் பிடித்து வசதிகளை நகலெடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. வேகம் குறைந்தது. 2010-ல், ப்ரோட்டோடைப் குழுவில் வேலை செய்த ஒருவரே இந்த அணுகுமுறையில் என்ன தவறு என்று விரிவாக எழுதினார். வெளியாள் திட்டியது அல்ல, வீட்டுக்காரரே கணக்குப் பார்த்தது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

இதற்கு ஒரு வால் பகுதியும் உண்டு. மூடூல்ஸ் என்ற இன்னொரு லைப்ரரியும் இதே வழியில் பட்டியல்களுக்குத் தன் கட்டளைகளை ஏற்றியது. 2018-ல் ஜாவாஸ்கிரிப்டின் தர நிர்ணயக் குழு, பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதைத் தட்டையாக்க ஒரு கட்டளை கொண்டுவரப் பார்த்தது. தேர்ந்தெடுத்த பெயர் மூடூல்ஸ் ஏற்கெனவே வைத்திருந்த பெயர். அதைச் சேர்த்தால் மூடூல்ஸின் பழைய பதிப்பில் ஓடும் தளங்கள் உடையும் என்று தெரிந்தது. பல வாதங்களுக்குப் பிறகு மொழி தன் பெயரை மாற்றிக்கொண்டது. புழக்கத்திலிருந்து ஏறக்குறைய விலகிவிட்ட ஒரு லைப்ரரி, வாழும் மொழியை வழிவிட வைத்தது! இத்துறையில் எதுவும் ஒரே நாளில் சாவதில்லை. உங்கள் உறவினர் கணக்கில் எடுக்காதது இதைத்தான்.

ப்ரோட்டோடைப்பின் இடத்தைப் பிடித்த ஜேக்வெரி என்ற லைப்ரரிக்கு வருவோம். ஜான் ரெசிக் 2006 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார், ஆகஸ்டில் முதல் முழுப் பதிப்பு. மொழியின் பொருள்களைத் தொடாமல், எல்லாவற்றையும் தன் சொந்த உறைக்குள் வைத்துக்கொண்டது. மற்ற லைப்ரரிகளோடு மோதினால், தானும் பயன்படுத்திய டாலர் குறியைக்கூட விட்டுக்கொடுக்கும் வசதி வைத்திருந்தது. ப்ரோட்டோடைப்புக்குத் தொடக்கத்தில் முறையான கையேடு கிடையாது, மூல நிரலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேக்வெரி கையேட்டிலும், பிறர் துணை நிரல் எழுதும் வசதியிலும் கவனம் வைத்தது. என் அபிப்பிராயத்தில் வெற்றியில் பாதி இதனால்தான். 2008-ல் மைக்ரோசாஃப்ட் தன் கருவிகளோடு ஜேக்வெரியைத் தருவதாக அறிவித்தது. 2011-ல் வந்த ரெயில்ஸ் 3.1, ப்ரோட்டோடைப்பை இறக்கிவிட்டு ஜேக்வெரியை வழக்கமான தேர்வாக்கியது. தூக்கிவிட்ட கையே இறக்கிவிட்டது. ப்ரோட்டோடைப்பின் கடைசிப் பதிப்பு 1.7.3, 2015-ல் வந்தது. அதோடு சரி.

பிறகு ஜேக்வெரிக்கும் முறை வந்தது. பிரவுசர்களுக்கு இடையே வேறுபாடு குறையக் குறைய, அதை மறைக்க வந்த லைப்ரரிக்கும் வேலை குறைந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2018-ல், தன் தளத்தின் பிரவுசரில் ஓடும் நிரலிலிருந்து ஜேக்வெரியை முழுதாக நீக்கியது. பக்க வடிவமைப்புக்கான பூட்ஸ்டிராப் 2021-ல், ஐந்தாம் பதிப்பில் கைவிட்டது. ஆனாலும் தளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் இன்றும் அதைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. புது வேலைக்கு யாரும் அதைத் தேர்ந்தெடுப்பது அபூர்வம். பழைய தளத்தைப் பராமரிக்கும் வேலையிலோ அது தினமும் எதிர்ப்படும்.

சரி, இதில் கற்றவர்களுக்கு என்ன ஆனது? இரண்டு விதமான ஆட்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் டாலர் குறியை மட்டும் கற்றார். எந்தப் பிரச்சினைக்கும் யாரோ எழுதிய துண்டு நிரலை எடுத்து ஒட்டி வேலையை முடித்தார். இன்னொருவர் அந்த டாலர் குறி பிரவுசரிடம் உண்மையில் என்ன கேட்கிறது, கிளிக் என்ற செய்தி ஒரு பொத்தானிலிருந்து மேலே எந்த வழியாகப் போகிறது, சர்வர் பதில் தராவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் தோண்டினார். 2011-ல் லைப்ரரி மாறியபோது முதலாமவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாமவருக்குச் சில வாரப் பழக்கமே தேவைப்பட்டிருக்கும். இரண்டாமவர் கற்றதில் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ப்ரோட்டோடைப்பில் இருந்த நல்ல யோசனைகள் அதோடு போகவில்லை. ஒரு செயல்கூற்றை ஒரு பொருளோடு கட்டிவைக்கும் பைண்ட் என்ற கட்டளையை அன்று பலருக்கு அறிமுகப்படுத்தியது ப்ரோட்டோடைப்தான். 2009 டிசம்பரில் வந்த மொழித் தரத்தில் அது மொழியின் பகுதியாகவே ஆனது. ஒரே வார்ப்பில் பல பொருள்களை உருவாக்க உதவும் கிளாஸ் எழுதும் வசதியை லைப்ரரிகள் ஆளுக்கொரு விதமாகத் தந்தன. 2015 தரத்தில் மொழியே தந்தது. அந்த யோசனையை அன்றே புரிந்துகொண்டவருக்கு இவை எதுவும் புதுப் பாடமாக இருந்திருக்காது.

இதையெல்லாம் வைத்து ரியாக்டைப் பார்ப்போம். 2013-ல் பொதுவில் வந்தது. இவ்வளவு காலம் முன்னணியில் நிற்பதே இத்துறையில் பெரிய விஷயம், இன்று வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் அதைக் கேட்கிறார்கள் என்பதும் நிஜம். ஆகவே மகள் கற்றது வீணில்லை, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் ரியாக்டுக்குள்ளேயே எழுதும் பாணி ஒருமுறை மாறிவிட்டது: 2019-ல், கிளாஸ் இல்லாமல் வெறும் செயல்கூறுகளாலேயே எழுத வழிசெய்த ஹுக்ஸ் வந்த பிறகு, அதுவரை பரவலாக எழுதப்பட்ட கிளாஸ் பாணி பின்னுக்குப் போனது. லைப்ரரி உயிரோடு இருக்கும்போதே பாடம் பழையதாகலாம்.

எது நிலைக்கும் என்று என்னைக் கேட்டால், லைப்ரரிகளைப் பொறுத்தவரை யாராலும் சொல்ல முடியாது. ப்ரோட்டோடைப் பிறந்த அதே 2005-ல்தான் நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியும் பிறந்தது. ஒன்று போய்விட்டது, மற்றது இல்லாமல் இன்று பெரும்பாலான குழுக்கள் வேலை செய்வதில்லை. அன்றைக்கு ஒரு மாணவர் வந்து இரண்டில் எது என்று கேட்டிருந்தால் எந்த ஆலோசகரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். அடியில் இருப்பவற்றைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்லலாம்: ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பிரவுசர் பக்கத்தை எப்படி அமைக்கிறது, சர்வரும் பிரவுசரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி., தகவல் தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். கடைசியாகச் சொன்னது 1970-களின் சரக்கு, இன்றும் நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள். இப்போது ஏ.ஐ. கருவிகளே ரியாக்ட் நிரலைக் கொட்டித் தருகின்றன என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். வந்த நிரலில் எங்கே பிசகு என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் அங்கே வேண்டும். அதற்கும் அடிப்பாகம் தெரிய வேண்டும்.

மகளிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். விடுமுறையில் ரியாக்டில் செய்த ஏதாவது ஒரு சின்னத் திட்டத்தை எடுத்து, எந்த லைப்ரரியும் இல்லாமல், வெறும் ஜாவாஸ்கிரிப்டில் மறுபடி எழுதட்டும். சர்வரிலிருந்து பட்டியல் வாங்குவது, திரையில் காட்டுவது, வடிகட்டுவது, இணைப்பு அறுந்தால் பயனருக்குச் சொல்வது. இது போதும். இரண்டு வாரத்தில் தடுமாறியாவது முடித்துவிட்டால் அவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. எங்கே கை நின்றுவிடுகிறதோ, அதுதான் அடுத்துப் படிக்க வேண்டிய பாடம். முடித்தபின், ரியாக்ட் எந்தெந்த வேலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டது என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உறவினர் யோசனைப்படி ரியாக்டை விட்டுவிட்டு "அடுத்தது எது" என்று தேடி ஓடுவதை மட்டும் செய்ய வேண்டாம். புதிதாக வந்த ஒன்றுக்கு வேலை விளம்பரம் குறைவு, கற்றுத்தர ஆள் குறைவு, நிலைக்குமா என்பதும் தெரியாது. முதல் வேலையில் சேரும் பிள்ளைக்கு அந்தப் பந்தயம் தேவையில்லை. முதல் வேலையிலேயே பழைய ஜேக்வெரி நிரலைக் கையில் கொடுத்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய அமைப்பை உடைக்காமல் மாற்றுவது கல்லூரியில் யாரும் கற்றுத்தராத வேலை.

அந்த ஆறு மாத வகுப்பைப் பற்றி. பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே ரியாக்ட் தொடங்கிவிட்டால் சந்தேகப்படுங்கள். மொழிக்கும் பிரவுசருக்கும் குறைந்தது ஒன்றரை, இரண்டு மாதம் ஒதுக்கியிருக்கிறார்களா, மாணவர்கள் சொந்தமாகப் பிழை தேடும் பயிற்சி உண்டா, பாடத்திட்டத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் மகளை உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கச் சொல்லுங்கள். "ஏன் இப்படி எழுதுகிறோம்?" என்று அவர் கேட்கட்டும். "அப்படித்தான் எழுத வேண்டும்" என்ற பதில் வந்தால் அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.