மாமியின் ஒருசந்தி

அன்புள்ள ஐயா,

சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன் ஆர்.சி.யில் (கத்தோலிக்க சபையில்) சேர்ந்தவள் நான். ஊர் கருங்கல் பக்கம். இப்போது ஏழு மாதம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டில் மீன், முட்டை, இறைச்சி எதுவும் இல்லை. வெள்ளிதோறும் ஒருசந்தி நோன்பு. ஞாயிறு பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கும்வரை பச்சைத்தண்ணிகூடக் கூடாது. பிள்ளை பிறந்து 40 நாள் கோயிலுக்குள் கால்வைக்கக் கூடாது, புனிதர் பெயர்தான் வைக்கணும் என்கிறார் மாமி. கேட்டால், 'உங்க சபை மாதிரியில்ல, இங்க சட்டம் உண்டு' என்கிறார். என்ன செய்வது?

வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சட்டம் உண்டுதான். ஆனால் அது உங்கள் பக்கம் நிற்கிறது.

இலத்தீன் முறைக் கத்தோலிக்க சபையின் 1983 சட்டத்தொகுப்புப்படி ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும்வரை. அன்றும் பட்டினி கிடையாது. ஒரு முழுச்சாப்பாடும் இரண்டு சிறு உணவும் உண்டு. சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விடுவது. மீனுக்கும் முட்டைக்கும் அதில் தடையில்லை. அதையும் விடுவது வீட்டுப் பழக்கம். கர்ப்பிணிகளையும் பாலூட்டுகிறவர்களையும் இந்த இரண்டிலிருந்தும் விலக்கிவைப்பது சபையின் நெடுநாள் வழக்கம். (மார்த்தாண்டம் மலங்கரை, தக்கலை சீரோ மலபார் என்ற கிழக்குமுறைக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலமான 50 நோன்பு திங்கள்கிழமை தொடங்கும், முறை இன்னும் கடுமை. அங்கும் கர்ப்பிணிக்கு விலக்கு உண்டு.)

நன்மைக்கு முன் தண்ணி குடிக்காத கதை மாமியின் அம்மா காலத்தது. நள்ளிரவு முதல் ஒன்றும் வாயில் படக்கூடாது என்றிருந்தது. 1953இல் தண்ணீருக்கு அனுமதி வந்தது, 1957இல் மூன்று மணி நேரமானது, 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. தண்ணீரும் மருந்தும் கணக்கிலேயே இல்லை. அந்த ஒரு மணி நேரமும் பூசை தொடங்குவதற்கு முன் அல்ல, நன்மை வாங்குவதற்கு முன். ஆறரை மணிப் பூசையில் நன்மை கொடுக்க ஏழு, ஏழே கால் ஆகும். ஆறு மணிக்குள் இரண்டு இட்லி தின்று தண்ணியும் குடித்துவிட்டுப் போங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஏழாம் மாதத்துக்குமேல் இரவுச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் பத்து மணிவரை வயிறு காலியாக இருந்தால் உடம்பு சீக்கிரமே கொழுப்பை எரிக்கத் தொடங்கும், இரத்தத்தில் கீட்டோன் ஏறும். தலைசுற்றல், வாந்தி வரும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலே சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். பங்குனி வெயிலில் தண்ணியும் குடிக்காவிட்டால் நீர்க்கடுப்பு வேறு. வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாமென்று நீங்களே நினைத்தால் தாராளமாக விடுங்கள். சாளையோ நெத்திலியோ, இல்லையென்றால் முட்டையும் சிறுபயறும் தட்டில் இருக்கட்டும். சாயங்காலச் சிலுவைப்பாதையில் 14 தலத்துக்கும் முட்டுகுத்தி எழ வேண்டாம். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபியுங்கள்.

40 நாள் தடை சபைச் சட்டத்தில் இல்லை. பேறுகாலம் முடிந்து கோயிலுக்கு வரும் தாய்க்குப் பழைய நாளில் தனி ஆசீர் இருந்தது, அதுவும் கட்டாயமில்லை. 1969இல் வந்த புதிய திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சடங்கில் தாய்க்கான ஆசீர் முடிவிலேயே சேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கச் சொல்லும் சட்டம், தாயை வீட்டில் வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. சடங்கில் பெற்றோர்தான் வாக்குறுதி சொல்கிறார்கள். பெயரிலும் அப்படித்தான்: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது, அவ்வளவே. ஆனால் இதில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பேன். கூப்பிடும் பெயர் உங்களுடையது, திருமுழுக்குப் பதிவேட்டில் மாமி கேட்கும் புனிதரும் கூட இருக்கட்டும். அதனால் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

இந்தச் சட்டங்களை எல்லாம் நீங்கள் மாமியிடம் ஒப்பிக்காதீர்கள். 'சி.எஸ்.ஐ.காரி எனக்கு வேதம் படிப்பிக்கிறா' என்றுதான் காதில் விழும். பேச வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். ஒருசந்தியிலிருந்து ஒருவருக்கு விலக்குத் தரவும், அதற்குப் பதிலாக வேறொரு பக்திச் செயலைச் சொல்லவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு அந்த விலக்கு தேவையே இல்லை. அதை அங்கி போட்டவர் வாயால் கேட்பது மாமிக்குத் தேவை. 'மாசமா இருக்கிறவ ஒருசந்தி இருக்கணுமா சாமி?' என்று மகனே கேட்கட்டும், மாமி பக்கத்தில் இருக்கும்போது. பதிலுக்கு ராத்திரி ஜெபமாலையை நீங்கள் முன்னின்று சொல்வதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

சாமியாரை வீட்டுக்கு அழைத்துக் கேட்பது நல்லது. பூசை முடிந்து கோயில் வாசலில் கேட்டால் அன்பியம் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு) முழுக்க அபிப்பிராயம் சொல்ல வந்துவிடும்.