திருகோணமலைக் கரையோரத்தில் கலைஞர் உறைவிடத் திட்டத்தை முடிக்கும் ஓவியர் கடைசி வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

என் கருத்தில், புதிய ஓவியம் எதையும் அந்த வாரத்தில் தொடங்காமல் இருப்பதே நல்லது. வீடு திரும்பிய பின் நிழற்படத்திலிருந்து மீட்க முடியாதவற்றை, அதாவது கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் நிலாவெளிக் கடல் காலையிலும் பிற்பகலிலும் கொள்ளும் நிறவேறுபாட்டையும், கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கும் இடத்து நீரின் சாயலையும், நேரம் குறித்துச் சிறு வண்ணக் குறிப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாள்கள். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்ப்பதால், உலர்ந்ததாகத் தோன்றும் நீர்வண்ணத் தாளும் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நிழலில் நன்கு உலர்த்தி, அமிலமற்ற தாள்களை இடையிட்டுத் தட்டையாகவே கட்டுங்கள். நன்கு காய்ந்த எண்ணெய் வண்ணத் துணியைச் சுருட்ட நேர்ந்தால், வண்ணப்பக்கம் வெளியே இருக்கட்டும். (பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.)

நினைவுக்காக முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) எடுத்துச் செல்லும் ஆசை எழும். நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து இறந்த முருகைத் துண்டைக்கூட எடுப்பது சட்டவிரோதம். அதை அங்கேயே அமர்ந்து வரைந்துகொள்ளுங்கள்.