1954இல் ரொறன்ரோ மக்கள் ஒரு யூதரை மேயராக்கியது எப்படி?

கேள்வி: ரொறன்ரோவில் ஒரு காலத்தில் ஆரஞ்சுச் சங்கத்துக்காரர்கள்தான் மேயராக வர முடியும் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் 1954இல் நேதன் பிலிப்ஸ் என்ற யூதர் எப்படி வென்றார்?

இந்த ஊருக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், மாநகரசபைக்கு முன்னால் சனங்கள் பனியில் சறுக்கி விளையாடுவதைப் பார்க்கப் போனேன். நேதன் பிலிப்ஸ் சதுக்கம் என்று பெயர். யாரோ ஒரு பிரிட்டிஷ் பிரபுவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். பல வருடம் கழித்து, இந்த ஊரின் ஸ்படைனா தெருப் பக்கம் பிறந்து வளர்ந்த ஒரு யூதப் பெரியவர் என்னோடு வேலை செய்தார். அவர்தான் இந்தத் தேர்தலைப் பற்றி முதலில் சொன்னவர். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டு வருகிறேன்.

அன்றைய ரொறன்ரோவுக்கு 'கனடாவின் பெல்ஃபாஸ்ட்' என்று பட்டப்பெயர். பெல்ஃபாஸ்ட் என்பது புரட்டஸ்தாந்துகளின் கை ஓங்கியிருந்த வட அயர்லாந்து நகரம். 1690இல் அயர்லாந்தில் நடந்த பொயின் சண்டையில், புரட்டஸ்தாந்து அரசர் வில்லியம் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸை வென்றார். அந்த வெற்றியைக் கொண்டாடுகிற சங்கம்தான் ஆரஞ்சுச் சங்கம். ஒவ்வொரு ஜூலை 12ஆம் திகதியும் தெருவை நிறைத்து ஊர்வலம் போவார்கள். மாநகரசபை வேலைக்கும் பொலிஸ் வேலைக்கும் அந்தச் சங்கத்துத் தொடர்பு பெரிய உதவி. 1834இல் முதல் மேயர் பதவியேற்றதிலிருந்து 1954 வரை வந்தவர்கள் எல்லோரும் புரட்டஸ்தாந்துகள். ஞாயிறு ஜெபத்துக்கும் ஓய்வுக்குமான நாள் என்பதால், அன்று ஈட்டன் என்ற பெரிய கடையின் காட்சி ஜன்னல்களைத் திரைபோட்டு மூடிவிடுவார்கள். பூங்காவில் பிள்ளைகளின் ஊஞ்சலைக்கூடப் பூட்டிவைப்பார்கள். பூட்டிய ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றி வந்த ஞாபகம் அந்தப் பெரியவருக்கு அப்படியே இருந்தது.

யூதர்களின் நிலை இதைவிட மோசம். 1933 ஓகஸ்டில் கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவில் ஒரு பேஸ்போல் ஆட்டத்தின்போது சிலர் நாசிகளின் ஸ்வஸ்திகா கொடியைக் காட்டினார்கள். அது மணிக்கணக்கில் நீண்ட பெரும் கைகலப்பாக முடிந்தது. யூதருக்கு விற்கக் கூடாது என்று காணி உறுதியிலேயே எழுதுகிற வழக்கமும் இருந்தது.

இனி 1954க்கு வருவோம். மேயராக இருந்த அலன் லாம்போர்ட், போக்குவரத்து ஆணைக்குழுவில் பதவி ஏற்பதற்காக வருட நடுவில் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் லெஸ்லி சாண்டர்ஸ், ஆரஞ்சுச் சங்கத்தில் ஊறிய மனிதர். வந்த கொஞ்ச நாளிலேயே ஜூலை 12 வந்தது. பொயின் சண்டையின் பெருமையைப் பேசும் ஓர் அறிக்கையை, மேயரின் அலுவலகக் கடிதத்தாளில் வெளியிட்டார். என்னைக் கேட்டால், அவருடைய தோல்வி அங்கேதான் தொடங்கியது. தன் சங்கத்தின் தாளில் எழுதியிருந்தால் அது ஒரு சங்கத்துக்காரரின் பேச்சு. ஊரின் தாளில் எழுதினால், கத்தோலிக்கர் உட்பட வரி கட்டுகிற அத்தனை பேரின் பெயராலும் எழுதியதாகிவிடும். பலருக்கும் அதுதான் உறுத்தியது.

தேர்தல் பிரசாரத்திலும் அவர் தன்னைப் புரட்டஸ்தாந்து என்றே முன்னிறுத்தினார். எதிரே நின்ற பிலிப்ஸ் 1892இல் பிறொக்வில்லில் பிறந்த ஒரு வழக்கறிஞர். அரசியலில் கொன்சர்வேட்டிவ். 1924இலிருந்து முப்பது வருடமாக நகரசபையில் இருந்தவர். மேயர் பதவிக்கு முன்பு முயன்று தோற்றவரும்கூட. தான் எல்லா மக்களுக்குமான மேயராக இருப்பேன் என்பதுதான் அவருடைய பேச்சு. இன்று கேட்டால் யாரும் சொல்லக்கூடிய வசனம்போல் இருக்கும். அந்த ஜூலைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும்.

மூன்றாவதாக ஆர்தர் பிரவுன் என்பவரும் போட்டியிட்டார். டிசம்பர் 6ஆம் திகதி வாக்களிப்பு. வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன. பாதிக்கும் குறைவான வாக்கோடுதான் பிலிப்ஸ் வென்றார். அதனால் ஊரே மனம் மாறிவிட்டது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாக்குப் பிரிந்த அதிர்ஷ்டம் மட்டும்தான் என்பதையும் ஏற்க மாட்டேன். போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய பலருக்கு அப்போது வாக்குரிமையே கிடைத்திருக்கவில்லை, பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால்தான் வாக்கு (கனடியரும் அன்று சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள்தான்). ஆகவே பிலிப்ஸுக்கு விழுந்த வாக்குகளில் பழைய ரொறன்ரோ சனங்களின் வாக்கும் கணிசமாக இருந்திருக்கத்தான் வேண்டும். எனக்கு இந்தத் தேர்தலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அந்த வருடமே இந்த ஊரை ஒரு புரட்டுப் புரட்டிய வருடம். ஜனவரியில் 13 உள்ளூராட்சிகளைச் சேர்த்து மெட்ரோ ரொறன்ரோ என்ற கூட்டு நிர்வாகம் உருவானது. அதன் முதல் தலைவர் பிரெடெரிக் கார்டினர். 2009 மே மாதம் இலங்கைப் போரை நிறுத்தக் கோரி நம் தமிழ்ச் சனம் ஏறி உட்கார்ந்து மறித்த நெடுஞ்சாலைக்கு அவருடைய பெயர்தான். மார்ச்சில் யங் தெருவுக்குக் கீழே நாட்டின் முதல் சுரங்க ரயில் ஓடியது. ஒக்டோபரில் ஹேசல் புயல் வந்து கனடாவில் 81 பேரைக் கொன்றது. இதெல்லாம் வாக்கை எப்படி மாற்றியது என்று அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் ஊர் இவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கும்போது 1690ஆம் ஆண்டுச் சண்டை பழங்கதையாகத்தான் பட்டிருக்கும்.

பிலிப்ஸ் 1962 வரை மேயராக இருந்தார். புதிய மாநகரசபைக் கட்டடத்துக்காக உலகளாவிய போட்டி வைத்தார்கள், 500க்கு மேல் வரைபடங்கள் வந்தன. பின்லாந்தின் வில்யோ ரெவெல் வரைந்தது தேர்வாகி, 1965இல் கட்டடம் திறக்கப்பட்டது. ரெவெல் அதற்கு முந்திய வருடமே இறந்துவிட்டார்.

ஆரஞ்சுச் சங்கம் 1954ஓடு காணாமல் போய்விடவில்லை. 1966 தேர்தலில் வில்லியம் டெனிசன் வென்று மேயரானார். அந்தச் சங்கத்திலிருந்து வந்த கடைசி மேயர் அவர்தான். அவரிடம் தோற்றவர் அப்போது பதவியிலிருந்த பிலிப் கிவன்ஸ். அவரும் யூதர்.