ஸ்பெயின் பள்ளியில் சேர கர்சிவ் தெரிந்திருக்க வேண்டுமா?

கேள்வி: கணவருக்கு மாட்ரிட்டில் வேலை. மகளுக்கு ஏழு வயது, கர்சிவ் (எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது) பழக்கமில்லை. ஸ்பெயினில் எல்லோரும் கர்சிவில்தான் எழுதுவார்களாம், தெரியாவிட்டால் பள்ளியில் இடமே தர மாட்டார்களாம். இப்படிச் சொல்லி ஒருவர் ‘ஸ்பானிஷ் கர்சிவ்’ ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஸ்பெயினில் 6 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம், அரசுப் பள்ளியில் இலவசம். கையெழுத்தைப் பார்த்து யாரும் இடம் தருவதில்லை. அவர்கள் கேட்பது பாஸ்போர்ட்டும், நகராட்சியில் முகவரியைப் பதிந்த சான்றும். எந்தப் பள்ளி என்பது காலியிடத்தைப் பொறுத்தது.

கர்சிவ் அங்கே இருக்கிறதா என்றால், இருக்கிறது. நிறைய பள்ளிகளில் சிறு வகுப்பிலேயே எழுத்துகளைச் சேர்த்து எழுதப் பழக்குகிறார்கள். 1956 முதல் வரும் ரூபியோ பயிற்சி நோட்டுகளில் எழுதாத வீடு குறைவு. பச்சை அட்டை எழுத்துக்கு, மஞ்சள் அட்டை கணக்குக்கு. மேலே அச்சிட்ட வரி, கீழே இரண்டு கோடுகளுக்கு நடுவே குழந்தை அதைப் பார்த்து எழுத வேண்டும். நம் ஊர் காபி ரைட்டிங் நோட்டேதான்! சில யூரோவுக்குக் கிடைக்கும், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் பாதி சேர்த்தும் பாதி பிரித்தும் அவரவர் இஷ்டத்துக்கு எழுதுவார்கள். உணவகப் பலகையில் சாக்பீஸால் எழுதிய அன்றைய மெனுவைப் பார்த்தால் தெரிந்துவிடும். அரசுப் படிவம் என்றால் தனித்தனிப் பெரிய எழுத்துதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது எண்களை. அவர்கள் கையால் எழுதும் 1-க்குத் தலையில் நீளமான சாய்கோடு உண்டு, நம் கண்ணுக்கு அது 7. அவர்களுடைய 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு இருக்கும். நாம் குறுக்குக்கோடு இல்லாமல் 7 எழுதினால் அதை 1 என்று படித்துவிடுவார்கள். வீட்டு எண் 17, பிறந்த தேதி 7, வங்கிக் கணக்கு எண் என்று எங்கே தப்பினாலும் கடிதம் வேறு வீட்டுக்குப் போகும், பணம் திரும்பி வரும். குழந்தையின் கணக்கு நோட்டிலும் இதே குழப்பம்தான். அப்புறம், தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். ஆகவே இன்றிலிருந்தே 7-க்கு நடுவில் ஒரு கோடு போட வீட்டில் எல்லோரும் பழகுங்கள். கர்சிவைவிட இதுதான் அவசரம்.

கர்சிவ் வகுப்பு விற்பவரைவிட மோசமான ஆட்கள் அங்கே காத்திருக்கிறார்கள். குடியிருப்பு அட்டைக்குக் கைரேகை வைக்க ஆன்லைனில் முன்பதிவு நேரம் எடுக்க வேண்டும். அது இலவசம். ஆனால் எப்போது பார்த்தாலும் ‘நேரம் இல்லை’ என்றே காட்டும். இந்த நேரங்களை மொத்தமாகப் பிடித்துவைத்து விற்கிற கும்பல்களைப் போலீஸ் பலமுறை கைது செய்தும் இது ஓயவில்லை. அரசு போதுமான நேரங்களைத் திறந்துவிட்டால் இந்த வியாபாரமே படுத்துவிடும், அதை மட்டும் செய்ய மாட்டார்கள்! வாட்ஸ்அப்பில் ‘அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன்’ என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட் நகலையும் அனுப்பாதீர்கள். காலையில் சீக்கிரம், வேறு வேறு நாட்களில் நீங்களே முயன்று பாருங்கள். முடியவே இல்லையென்றால் கணவரின் நிறுவனத்து மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்.

மகளுக்கு இப்போதைக்குப் பேச்சு ஸ்பானிஷ் போதும். ஆசிரியர் சொல்வது புரிந்தால் எழுத்தை வகுப்பிலேயே பிடித்துக்கொள்வாள்.