யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரையில் மக்கள் என்னதான் செய்கிறார்கள்? பிள்ளைகளோடு போகலாமா?

கேள்வி கேட்டவர் தை மாதம் கனடாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாராம். பண்ணையில் சூரியன் மறையும் படங்களைப் பார்த்திருக்கிறார். அதைத் தவிர அங்கே என்ன இருக்கிறது, யார் வருவார்கள், எந்த நேரம் நல்லது என்று கேட்கிறார்.

போகலாம், தாராளமாகப் போகலாம். தை மாத நடுவில் ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் சூரியன் தீவுப் பக்கம் இறங்கிவிடும். ஐந்தரைக்கு அங்கே நின்றால் போதும். ஆனால் சூரியனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதியைத்தான் பார்த்தவர்களாவீர்கள். சற்று நேரம் கடலுக்கு முதுகைக் காட்டியும் இருந்து பாருங்கள்.

நான் ஐந்து வருடங்களாக வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே போகிறேன். கடலின் மேல் உள்ள காதலால் அல்ல, அம்மாவின் சலரோகத்தால் (நீரிழிவு). கிளினிக்கில் வைத்தியர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் நடந்தால் நாய் துரத்தும். நாய் விட்டால் மோட்டார் சைக்கிள் துரத்தும். அதனால் பண்ணை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூங்காவை மனதில் வைத்து மரமும் புல்வெளியும் ஊஞ்சலும் எதிர்பார்த்து வராதீர்கள். ஊஞ்சல் வேண்டுமென்றால் பொது நூலகத்துக்கு அருகே சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது, பிள்ளைகளை அங்கே விடலாம். பண்ணை என்பது கோட்டையைக் கடந்து தீவுகளுக்குப் போகும் வீதியின் ஓரம். ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் ஆழமில்லாத கடல்நீரேரி, நடுவில் நடப்பதற்கும் இருப்பதற்கும் கொஞ்சம் இடம். நிழல் குறைவு. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் நாலு மணி வரை வெயில் மண்டையைப் பிளக்கும்.

இந்த ஐந்து வருடத்தில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான்: பண்ணைக்கு வருகிறவர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறார் என்பதைக் கவனித்தால் அவர் எதற்காக வந்தார் என்று தெரிந்துவிடும். கடலைப் பார்த்திருப்பவர்கள் ஊருக்கு முகம் காட்ட விரும்பாதவர்கள். வீதியைப் பார்த்திருப்பவர்கள் ஊரைப் பார்க்க வந்தவர்கள். நடப்பவர்கள் இரண்டையும் பார்ப்பார்கள், பார்க்காததுபோல.

விடியற்காலை நடப்பவர்களுடையது. ஐந்து மணிக்கே ஓய்வுபெற்ற அதிபர்கள், வங்கிக்காரர்கள், அரச உத்தியோகத்தர்கள் வந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து போட்டு நடக்கும் அம்மாமார். இதே சப்பாத்தோடு இவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டு ஒழுங்கையில் நடக்கமாட்டார். பண்ணையில் மட்டும் அது ஒழுக்கமாகிவிடுகிறது, ஏனென்றால் வைத்தியர் சொல்லியிருக்கிறார். நடை அரை மணி, கதை முக்கால் மணி. வெங்காய விலை, மெல்பேணில் இருக்கும் மகனின் வீட்டுக் கடன், யாருடைய காணிக்கு யார் கேஸ் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் செய்தித்தாளுக்கு முன்பே இங்கே வந்துவிடும். அதே நேரம் கடலுக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து போய், தடி நட்டுக் கட்டிய களங்கட்டி வலையில் விழுந்த மீனையும் இறாலையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கரையில் சீனியைக் குறைக்க நடை, கடலில் சீவியத்துக்கு நடை. இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் ஏறெடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

வெயில் ஏறியதும் குடைகளின் நேரம். இதைப் பற்றித்தான் ஊரில் அதிகம் குறை சொல்லுவார்கள், ஆகவே நானும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லுகிறேன். கடலைப் பார்த்தபடி ஒரு குடை விரிந்திருக்கும், அதன் கீழ் நாலு கால் தெரியும். வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள், வேலைக்குப் போகும் வயதினரும் இருப்பார்கள். கலியாணம் பேசி முடித்த பிறகும் வீட்டில் தனியாக நாலு வார்த்தை பேச முடியாமல் இங்கே வந்த ஒரு சோடியை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணம் வேலியின் ஊர். எங்கள் பாட்டி காலத்தில் கிடுகு வேலி, பனையோலை வேலி. இப்போது ஆளுயர மதில். வெளியாரிடமிருந்து வீட்டை மறைக்க இவ்வளவு செலவழித்த நாங்கள், வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைய ஒரு மூலை வைக்கவில்லை. அந்த மூலையைத்தான் பிள்ளைகள் குடையாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. கோபம் வருவது, கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு அவர்களைப் பின்பக்கமாகப் படமெடுத்துக் கலாசாரம் காக்கிற ஆண்கள்மேல்தான். கலாசாரம் காப்பவர் ஒரு நாளாவது அந்தக் கரையில் கிடக்கும் போத்தல்களைப் பொறுக்கியிருக்கலாம்.

போத்தல் என்றதும் நினைவுக்கு வருகிறது, இது பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முக்கியம். இரண்டு வருடத்துக்கு முன் வவுனியாவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன், எட்டு வயது, சிப்பி பொறுக்குவதாகச் சொல்லிக் கற்களில் இறங்கிவிட்டான். சாதாளை என்ற கடற்புல்லுக்குள் கிடந்த பியர் போத்தல் துண்டு பாதத்தைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். அந்தக் கரையைப் பார்க்கவேண்டியவர்கள் என்று நாங்கள் நினைத்த அலுவலகத்துக்குப் போனால், அது தங்கள் பொறுப்பல்ல என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தைக் காட்டினார்கள். மூன்றாம் தரம் போகவில்லை. அன்றிலிருந்து என் கைப்பையில் பஞ்சும் பிளாஸ்டரும் இருக்கின்றன. ஆகவே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பண்ணைக் கடல் குளிக்கிற கடலே அல்ல, சேறும் சாதாளையும்தான். கடலில் குளிக்க வேண்டுமென்றால் அதே வீதியால் இன்னும் போய் வேலணையில் சாட்டிக் கடற்கரை, இல்லையென்றால் காரைநகர்க் கசூரினா.

மாலைதான் நீங்கள் வரப்போகிற நேரம். நாலரைக்குப் பிறகு கச்சான் (வேர்க்கடலை) வண்டிகள் வந்து நிற்கும். ஒரு சரை கச்சான் வாங்கினால் அங்கே இருப்பதற்கு வாடகை கட்டியதுபோல ஒரு நிம்மதி. உப்பும் மிளகாய்த் தூளும் போட்ட மாங்காய், ஐஸ்கிரீம் எல்லாம் வரும். ஒரு மோட்டார் சைக்கிளில் நாலு பேராக வந்த குடும்பம் அதைவிட்டு இறங்காமலே முழு மாலையையும் முடித்துவிடுவதைப் பார்க்கலாம்: தகப்பன் சீற்றில், சின்னது டாங்கியின் மேல், தாய் பக்கத்தில் நின்றபடி. இளம் பெடியன்கள் தங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, தாங்களும் கண்காட்சிப் பொருள்போல நிற்பார்கள். அவர்கள் எப்போதும் வீதியைப் பார்த்துத்தான் நிற்பார்கள், சொல்லத் தேவையில்லை.

காற்றைப் பொறுத்துக் கூட்டம் மாறும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். புழுக்கத்தில் வெந்த ஊர் முழுவதும் மூச்சு வாங்க இங்கே வந்துவிடும். கச்சான் சரை பறக்கும், தலைமயிர் பறக்கும், கதையும் பாதி பறந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் சொன்னது காதில் விழாது. வாடைக் காற்று தொடங்கி மழை பிடித்தால் ஆட்கள் குறைவு, ஆனால் கடல் அழகு அப்போதுதான். நீங்கள் வருகிற தை மாதம் இரண்டுக்கும் நடுவே, மழை ஓய்ந்த காலம். வலசை வந்த பறவைகளும் இன்னும் போயிருக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் மண்டைதீவுப் பக்கம் பூநாரைக் கூட்டம் தெரியும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் உள்ளூர்க்காரர் கோயிலுக்குப் போய்விட, பண்ணையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சூரியன் மறைந்ததும் கை தட்டுவார்கள்.

உங்கள் பிள்ளைகள் நிச்சயம் கோட்டையைப் பற்றிக் கேட்பார்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலையாக விரித்துக் கட்டினார்கள் என்று நீங்கள் சொல்லிவிடலாம். அதற்குப் பிந்திய கதையை அங்கே இருக்கும் வயதானவர் யாரிடமாவது கேட்பது நல்லது. கோட்டைக்குள் இராணுவம் இருந்த காலத்தில் இந்தப் பக்கம் காற்று வாங்க வருவது என்ற பேச்சே இருக்கவில்லை. 1990 இல் மாதக்கணக்கில் இங்கே முற்றுகைச் சண்டை நடந்தது. அப்பா சாகும்வரை பண்ணையில் ஒரு தரமாவது இருந்து நான் பார்க்கவில்லை. நடக்கக் கூப்பிட்டால், "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அம்மா அப்படியல்ல. நடை முடிந்ததும் அரை மணி நேரமாவது இருந்தால்தான் எழும்புவார், அதுவும் வீதியைப் பார்த்தபடி. முதல் வருடம் முழுவதும் நான் இதற்காக அவரைக் கேலி செய்தேன். யார் யாரோடு போகிறார்கள் என்று பார்க்கத்தானே அம்மா இந்த வாங்கில் இருக்கிறீர்கள் என்று கேட்பேன். அவர் சிரிப்பார், மறுக்கமாட்டார். என் கண்டுபிடிப்புக்கு அம்மாவே நல்ல உதாரணம் என்று மற்றவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் சும்மா இருந்தபோதுதான் கவனித்தேன். ஆட்கள் போகும்போது அம்மாவின் தலை திரும்பவில்லை. கார் போனாலும் திரும்பவில்லை. தீவுப் பக்கம் போகும் பஸ் வந்தால் மட்டும் முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை கூடவே திரும்பியது. சிவப்பு இ.போ.ச. (அரச) பஸ்ஸானாலும் சரி, தனியார் பஸ்ஸானாலும் சரி.

அம்மா வேலணையில் பிறந்தவர். கலியாணம் முடித்துத்தான் பட்டினத்துக்கு வந்தார். 1990 இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது அம்மம்மாவும் அம்மப்பாவும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். திரும்பிப் போகாமலே இருவரும் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு இப்போது கூரை இல்லை, கிணற்றடியில் ஆலமரம் வளர்ந்து நிற்கிறது. கூட்டிக்கொண்டு போகிறேன், பாலத்தைக் கடந்தால் அரை மணி நேரம்கூட இல்லையே என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "போய் எதைப் பார்க்கிறது, பிள்ளை?" என்பதுதான் ஒவ்வொரு தரமும் பதில். ஆனால் பஸ்ஸைப் பார்க்க வேண்டும். அதில் ஏறியிருப்பவர்களில் யாராவது தெரிந்த முகமா என்று பார்க்க வேண்டும்.

பின்னேர பஸ் ஒன்றின் நடத்துநர் தம்பிக்கு இது தெரியாது. வீதியோரம் ஒரு வயதான மனுசி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏறத்தான் நிற்கிறார் என்று நினைப்பது நியாயம்தானே. ஆரம்பத்தில் எங்களுக்கு முன்னால் பஸ் மெதுவாகும், அவர் மிதிபலகையில் தொங்கியபடி, "அம்மா, வேலணையா?" என்று கத்துவார். அம்மா கையால் இல்லை என்று காட்டுவார். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒவ்வொரு நாளும் இதே கூத்து. எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வாங்குக்குப் போவோம் என்றேன், அம்மா அசையவில்லை.

இப்போது பஸ் மெதுவாவதில்லை. கடந்து போகும்போது அந்தத் தம்பி கையை மட்டும் உயர்த்துகிறார், அம்மாவும் உயர்த்துகிறார். அதன் பிறகுதான் எழும்பி வீட்டுக்கு நடக்கிறோம்.